எண்ணெய் போடாத வண்டி

மலாக்கா டவுனில் குன்றின் மேலே இருந்த ஆஸ்பத்திரியில் சேதுபதிக்கு ஒரே வேலைதான். வார்டில் கிடக்கும் நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நீண்ட நடைபாதை வழியாக ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அறுத்துத் தைத்து முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்த வேண்டும். ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று வருஷம் முன்னால் வேலையில் சேர்ந்தார். ஜப்பான்காரன் வந்தான், போனான். வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். இப்போது அவனும் போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. சேதுபதி அதே நடைபாதையில் அதே வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மொத்தம் மூன்று வண்டிகள். ஒன்று பழைய இரும்பு வண்டி, சும்மா இருக்கும்போது வார்டு பக்கமே நிற்கும். அதன் பின்பக்க இடது சக்கரம் உருளும்போது கிரீச்சிடும். கொஞ்சநஞ்சச் சத்தம் இல்லை, பூனையின் வாலை மிதித்த மாதிரி, பெண்கள் வார்டின் கடைசிக் கட்டில் வரைக்கும் கேட்கும். இரண்டாவது, சண்டை முடிந்த பிறகு வந்த புது வண்டி. ரப்பர் சக்கரம், சத்தமே வராது. மூன்றாவது, தகர மூடி போட்ட வண்டி. அது தியேட்டருக்குப் பின்னால் குறுக்குப் பாதையில் நிற்கும். அது எதற்கு என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. தியேட்டருக்குள்ளிருந்து மணி ஒருமுறை அடித்தால் சேதுபதி தன் வண்டியோடு உள்ளே போக வேண்டும். இரண்டு முறை அடித்தால் தகர வண்டி போகும்.

ஆஸ்பத்திரி என்றால் கத்தியும் மருந்தும்தான் என்று நினைப்பவர்கள் அங்கே வேலை செய்து பார்க்காதவர்கள். நர்சுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய மிஸ்ஸி இங்கிலீஷ்காரி, படித்தவள். ஆனால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் ஒரே ஜாடியில் பார்த்துவிட்டால் சிவப்பைப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ரத்தமும் கட்டுத்துணியுமாம். சீன மிஸ்ஸிகள் நாலாம் நம்பர் கட்டிலில் சீக்காளியைப் போட மாட்டார்கள், அவர்கள் பாஷையில் நாலும் சாவும் ஒரே மாதிரி கேட்குமாம். அதனால் அந்தக் கட்டிலில் எப்போதும் கால் உடைந்தவன் எவனாவது ராஜா மாதிரி படுத்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருப்பான். கத்தி பிடிக்கும் துரை டாக்டருக்குத் தியேட்டருக்கென்று ஒரு கான்வாஸ் சப்பாத்து உண்டு, கட்டைவிரல் வெளியே தெரியும். ஒருமுறை யாரோ அதைத் துவைத்துப் போட்டுவிட்டார்கள் என்று அன்று முழுக்க ஒருவரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டருக்குக் கைத்துணையாக இருக்கும் டிரசர் பொன்னுதுரை மட்டும் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். யாழ்ப்பாணத்து ஆள், எதையும் நம்பாதவர். ஒவ்வொரு ஆப்பரேஷனுக்கு முன்பும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார், அவ்வளவுதான். அது ஒழுங்கு, நம்பிக்கை இல்லை என்பார். கால் மணி நேரம் முன்னால் கொடுத்திருந்தாலும் திரும்பக் கொடுப்பார்.

இப்படி ஆளுக்கு ஒன்று இருந்த இடத்தில் சேதுபதியும் ஒன்றைச் செய்து வைத்தார். வேண்டுமென்று செய்ததில்லை.

நாற்பத்தெட்டாம் வருஷம் கிளேபாங்கிலிருந்து ஒரு மலாய்க்கார மீனவரைக் கொண்டுவந்தார்கள். குடல் பிசகி, வயிறு கல்லு மாதிரி இருந்தது. ஆள் மலை போல இருப்பார், வண்டியில் ஏற்றியதும் குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார். சக்கரம் போடுகிற சத்தம் தன்னைக் கூப்பிடுகிற சத்தம் என்றார், இறங்கப் போகிறேன் என்றார். பாதி வழியில் இறங்கினால் யார் தூக்குவது? சேதுபதி வாய்க்கு வந்ததைச் சொன்னார். இந்த வண்டி அழுதுகொண்டேதான் போகும், ஆனால் ஆளோடுதான் திரும்பி வரும். பத்து வருஷமாக நான் இதை வெறும் வண்டியாகத் தள்ளிக்கொண்டு வந்ததே இல்லை என்று மலாயில் சொன்னார். மீனவர் அழுகையை நிறுத்தினார். பிழைத்தும்விட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கூடை மீனோடு வந்து, வண்டி எங்கே என்று கேட்டு, அதன் கைப்பிடியைத் தொட்டுவிட்டுப் போனார்.

பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்த அன்னம்மா இதைப் பார்த்துவிட்டாள். அன்னம்மா காஜா பேராங்கில் சேதுபதி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவள், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிய செட்டி வம்சம். பெயரும் சாமியும் நம்முடையவை, வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். ஆனால் அந்த மலாயில் ஒரு செய்தியைக் கொடுத்துவிட்டால் மறுநாள் தெங்கேரா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். போனது. ஒரே மாதத்தில், கிரீச்சு வண்டி வந்தால்தான் ஏறுவேன் என்று நோயாளிகள் சொல்ல ஆரம்பித்தார்கள். மிஸ்ஸிகளும் மெதுவாக அதே பக்கம் சாய்ந்தார்கள். புது வண்டியில் அழுக்குத் துணி ஏற்றினார்கள். பழைய வண்டியின் பக்கம் எண்ணெய்க் குப்பியைக் கொண்டுபோக ஒருவரும் துணியவில்லை.

அதில் எவ்வளவு உண்மை என்று சேதுபதிக்கு மட்டும் தெரியும். பல வருஷம் கழித்து அதை ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னார், பெண்சாதி பூங்காவனத்திடம். இரவுச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப செத்தவங்க எதுல வந்தாங்க?"

"தகர வண்டியில. பின்பக்கமா."

"அவங்க போனது?"

"என் வண்டியிலதான்."

"போன வண்டி வெறுமனே திரும்பி வந்திருக்குமே?"

சேதுபதி வெறுந்தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். மணி இரண்டு முறை அடித்துவிட்டால், வண்டியின் இடது பின்மூலையைக் கையால் சற்றே தூக்கிப் பிடித்துக்கொள்வார். அந்தச் சக்கரம் தரையில் படாது, மற்ற மூன்றும் சத்தமில்லாமல் உருளும். அப்படியே குறுக்குப் பாதை வழியாகக் கொண்டுபோய் விட்டுவிடுவார். வார்டில் இருப்பவர்கள் காதில் விழாது. அதனால்தான் சத்தம் கேட்டால் ஆள் திரும்பி வருகிறது என்று அர்த்தம். ஒன்பது முறை அப்படித் தூக்கியிருக்கிறார். ஒன்பது பேருடைய முகமும் ஞாபகம் இருக்கிறது.

பூங்காவனம் சோற்றைப் போட்டாள். "இது பொய்யின்னு சொல்ல முடியாது. பாதிதான் பொய்," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் வரவில்லை.

*

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம் வரும் தேதியை நம் ஊர்ப் பாடாங் மைதானத்தில்தான் அறிவித்தார்கள். அந்தத் தேதி நெருங்கிய ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலையில் பூங்காவனம் சமையலறையில் மயங்கி விழுந்தாள். அன்னம்மாதான் பார்த்து ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு வந்தாள். கர்ப்பப்பையில் கட்டி, தேங்காய் அளவு. ஒரு வருஷமாக உதிரம் கொட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிற புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சேதுபதி கேட்டதற்கு, தினமும் இதையே பார்த்துவிட்டு வருகிறவரிடம் வீட்டிலும் இதையே சொல்வதா என்றாள். இரண்டு பெண்களையும் சிரம்பானிலும் மூவாரிலும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ரத்தம் குறைவு, இருந்தாலும் தள்ளிப்போட முடியாது, வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்று துரை டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனையோ பேரைச் சிரித்துப் பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு போன சேதுபதிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கோப்பிக் குவளையைப் பிடித்தால் தட்டில் கொட்டியது. பிழைத்தவர்களில் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை. அந்த ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

புதன்கிழமை காலை வேலைக்கு நடுவில் பெண்கள் வார்டுக்குப் போய், அரைமணி நேரம் அவள் கட்டில் பக்கம் நின்றார். அந்த அரைமணியில்தான் அது நடந்தது. மெர்டேக்காவுக்காக ஆஸ்பத்திரி முழுக்கச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். பெரிய மிஸ்ஸி, உருளுகிற எல்லாவற்றுக்கும் எண்ணெய் போடச் சொல்லியிருந்தாள். சாயக்காரர்கள் வெளியாட்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? சேதுபதி திரும்பி வந்தபோது பழைய வண்டி பால் வெள்ளையாக நின்றது. தள்ளிப் பார்த்தார். நெய்யில் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

அன்று மத்தியானம் தெங்கேராவிலிருந்து வந்திருந்த ஒரு நோன்யா கிழவிக்கு, மலாய் பேசும் மலாக்காச் சீனத்திக்கு, பித்தப்பையில் கல் எடுக்க வேண்டும். வண்டியில் படுத்தவள் பத்தடி போனதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். இது அந்த வண்டி இல்லை என்றாள். அதே வண்டிதான் என்று சேதுபதி சத்தியம் செய்தார். அப்படியானால் இதன் வாயை யாரோ கட்டிவிட்டார்கள், வாய் திறந்த பிறகு என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி, அவளே இறங்கி, சரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு நடந்து போய்விட்டாள். துரை டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார் என்று கேள்வி.

மூன்று மணிக்கெல்லாம் பெண்கள் வார்டு முழுக்கச் சேதி பரவிவிட்டது. சேதுபதி ஓடிப்போய்ப் பார்த்தபோது பூங்காவனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போய், வெற்றிலை போட்ட உதட்டில்கூடச் சிவப்பு இல்லை.

"நானும் ஏற மாட்டேன்," என்றாள்.

சேதுபதி குனிந்து, பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்காமல் சொன்னார். "உனக்குத்தான் தெரியுமே. நான் கட்டிவிட்ட கதை அது."

"கதை தெரியும். சத்தம் வேணும்."

"பூங்காவனம், நாளைக்கு ஒம்பது மணி. ரத்தம் ரெண்டு போத்தல்தான் கெடச்சிருக்கு. வெளையாடாத."

"யாரு வெளையாடுறா? நோன்யாக்கு மட்டும்தான் உசுரா? போய்ச் சத்தத்தைக் கொண்டாங்க. அப்புறம் ஏறுறேன்."

அதற்கு மேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

சேதுபதி சக்கரத்தைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவினார், மாட்டினார், உருட்டினார். சத்தம் இல்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தார். சத்தம் இல்லை. அந்தச் சாயக்காரப் பயல்கள் கையில் இருந்த எண்ணெயையெல்லாம் இதிலேயே ஊற்றியிருந்தார்கள். ஐந்து மணி ஆகிவிட்டது. கடைசியில் சக்கரத்தையும் அச்சையும் தூக்கிக்கொண்டு, மலச்சட்டி அவிக்கிற கொதிகலன் இருந்த அறைக்குப் போனார். உள்ளே போட்டு ஆவியைத் திறந்துவிட்டார்.

பொன்னுதுரை அந்தப் பக்கமாக வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். ஆவிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன காணும், சில்லை அவிக்கிறீரோ?"

சேதுபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆவி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

"உமக்கு விசரோ? இருபது வரியமா இஞ்ச நிக்கிறீர். ஒரு சில்லுக் கத்தினால் ஆள் பிழைக்குமோ?"

"பிழைக்காது டிரசரய்யா. தெரியும். ஆனா அவ ஏற மாட்டேங்கிறா."

பொன்னுதுரை கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். பிறகு போய்விட்டார். பெரிய மிஸ்ஸியைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று சேதுபதி நினைத்தார். திரும்பி வந்தவர் ஒரு கையில் சலவைச் சோடாவும் மறு கையில் ஈதர் குப்பியும் வைத்திருந்தார். மயக்கம் கொடுக்கிற ஈதர். சோடாவை அவரே கொதிகலனில் கொட்டினார். சக்கரம் வெந்து வெளியே வந்து ஆறிய பிறகு, ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, பஞ்சில் ஈதரை நனைத்து அச்சின் இடுக்கெல்லாம் துடைத்தார். எண்ணெயை எடுக்க இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று, பாடம் நடத்துகிறவர் மாதிரி சொல்லிக்கொண்டே துடைத்தார். புண்ணைத் துடைக்கிற அதே கை, அதே பதம்.

மாட்டியாகிவிட்டது. உருட்டிப் பார்க்க வேண்டும். சேதுபதி கைப்பிடியைப் பிடித்தவர் தயங்கினார். வார்டு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. வண்டி கத்தினால் எட்டிப் பார்ப்பார்கள். கத்திக்கொண்டு வெறும் வண்டி வந்தது என்றால் போச்சு.

பொன்னுதுரைக்கு அது புரிந்துவிட்டது. வெறும் வண்டியாக வராது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தது நீர்தானே, அனுபவியும் என்று திட்டிக்கொண்டே, சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டோடு வண்டியில் ஏறி மல்லாந்து படுத்தார். கையிரண்டையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார்.

"தள்ளும்," என்றார்.

முதல் நாலடிக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவது அடியில் மெல்லிசாக ஒரு முனகல். பிறகு பழைய குரல் முழுசாக வந்தது. பெண்கள் வார்டு வாசலைத் தாண்டும்போது கட்டில்களிலிருந்து தலைகள் நிமிர்ந்தன. செத்தவர் மாதிரி கிடந்த டிரசரைப் பார்த்து ஒருவருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. நோன்யா கிழவி மட்டும், நாளைக்கு இரண்டாவதாக நான் வருகிறேன் என்று அன்னம்மாவிடம் சொல்லி அனுப்பினாள்.

*

வியாழக்கிழமை காலையில் அன்னம்மா புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தாள். வண்டி தள்ளுகிறவன் தன் ரத்த சொந்தத்தைத் தள்ளக் கூடாதாம். தள்ளினால் வழி நீண்டுவிடுமாம். ஆண்கள் வார்டு ஆள் ஒருவரை ஏற்பாடு செய்திருக்கிறேன், சேதுபதி பின்னால் நடந்து வரட்டும் என்றாள். சேதுபதிக்கு அதுவும் சரியென்றுதான் பட்டது.

பூங்காவனம் வண்டியில் படுத்தபடி மலாயிலேயே கேட்டாள், நான் என்ன இவருக்கு ரத்த சொந்தமா, தாலி கட்டின சொந்தம்தானே என்று. பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். பூங்காவனம் புருஷனைப் பார்த்து, "தள்ளுங்க, நேரமாச்சு," என்றாள்.

வண்டி கத்திக்கொண்டு புறப்பட்டது. சேதுபதி வழக்கமாக நோயாளியிடம் சொல்லுகிற எதையும் சொல்லவில்லை. என்ன சொல்வது? அவளுக்குத் தெரியாததா? நடைபாதையின் பாதியில், புதுச் சாய வாடையில், அவள்தான் பேசினாள். கண்ணை மூடிக்கொண்டு பேசினாள்.

"சத்தம் எனக்கில்லங்க."

"பின்ன?"

"நேத்துக் காலையில கட்டில் பக்கம் வந்து நின்னீங்களே, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. கட்டிலே ஆடுச்சு. கைக்கு ஒரு வேலை குடுத்தா நடுக்கம் நிக்கும்னு பார்த்தேன். சக்கரத்தக் கழட்டுறப்ப நின்னுச்சில்ல?"

நின்றிருந்தது. அதை அவர் அப்போதுதான் யோசித்தார். பதில் சொல்வதற்குள் தியேட்டர் கதவு வந்துவிட்டது. உள்ளே பொன்னுதுரை முகத்துணியோடு நின்றார், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டு. கதவு மூடியது.

மற்ற நாட்களில் ஆளை உள்ளே விட்டதும் சேதுபதி கீழே கடைக்குக் கோப்பி குடிக்கப் போவார். ஒரு மணி நேரம் இருக்கும், யாரோடாவது பேசிக்கொண்டிருப்பார். அன்று போகவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கதவின் முன்னால் நின்றார். பத்து மணி ஆனது. பத்தரை ஆனது. ஒரு மிஸ்ஸி வெளியே ஓடி, ரத்தப் போத்தலோடு திரும்ப உள்ளே ஓடினாள். அது இரண்டாவது போத்தல். குறுக்குப் பாதையில் தகர வண்டி இருந்த இடத்திலேயே நின்றது. சேதுபதி தன் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி அந்த வழியை அடைத்து நிறுத்தினார். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தினார். அன்னம்மா கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனாள். அவள் வாயைத் திறக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது.

ஒன்று.

சேதுபதி அசையவில்லை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது முறை கேட்டவர். ஆனால் அன்றைக்கு அந்த அளவு மறந்துபோய்விட்டது. இன்னும் முடியவில்லை, இன்னொன்று வரும், வரும் என்று நின்றார். குனிந்து பார்த்தபோது தன் இடது கை வண்டியின் பின்மூலையைத் தூக்கிப் பிடித்திருப்பதைக் கண்டார். எப்போது தூக்கினார் என்று தெரியவில்லை. சக்கரம் தரைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை விட்டார். வண்டி தடாலென்று விழுந்தது.

கதவு திறந்தது. பொன்னுதுரை முகத்துணியைக் கீழே இழுத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஓய், காது அடைச்சுப் போச்சோ? ஒருக்காத்தான் அடிச்சது. வாரும்."

*

திரும்பி வரும்போது பூங்காவனத்துக்கு நினைவில்லை. வாய் ஓரமாக ஈதர் வாடை. சக்கரம் ஊரையே கூட்டுகிற மாதிரி கத்திக்கொண்டு வந்தது. சேதுபதி வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளினார். அன்னம்மா வார்டு வாசலில் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். நோன்யா கிழவி தன் முறைக்கு எழுந்து உட்கார்ந்து கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பெரிய மிஸ்ஸி நடைபாதையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு நின்றாள். பொன்னுதுரை இங்கிலீஷில், எண்ணெய் போட்டாயிற்று, சக்கரம்தான் பழைய பழக்கத்தை விடவில்லை என்று முகத்தில் ஒன்றுமே காட்டாமல் சொன்னார். பெரிய மிஸ்ஸி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வேறு கேட்கவில்லை. பூ ஜாடி வைத்திருக்கிறவளுக்குத் தெரியாதா?

மெர்டேக்காவன்று பூங்காவனம் வீட்டில் இருந்தாள். அன்னம்மா வீட்டு ரேடியோவைக் கேட்க நாலு வீடு நடந்து போய், நாலு வீடு நடந்து திரும்பினாள். சேதுபதி ஒரு கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு சேதுபதி வேலை நேரத்தில் கோப்பிக் கடைக்குப் போகவில்லை. யாரைத் தியேட்டரில் விட்டாலும், மணி அடிக்கும் வரைக்கும் கதவின் முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அடுத்த வருஷம் ஒருநாள் மணி இரண்டு முறை அடித்தது. அன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தார். மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் போனார், பத்தாவது முகத்தோடு. பிறகு வந்து அடுத்த ஆளுக்காக நின்றார்.

ஆனால் அன்னம்மா சும்மா இருப்பாளா? சேதுபதி கதவருகில் நின்றால் மணி ஒருமுறைதான் அடிக்கும் என்று ஊரில் பேச்சு வந்துவிட்டது. கிளேபாங்கிலிருந்து வந்த ஒருத்தி, ஆப்பரேஷனுக்கு முன்னால் டாக்டர் யாரென்று கேட்கவில்லை. வெளியே நிற்கிற ஆள் இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டாள்.

பூங்காவனம் இதைக் கேள்விப்பட்டு, காலையில் அவர் சைக்கிளை எடுக்கும்போது கேட்டாள். "இதையும் நீங்கதான் கட்டிவிட்டீங்களா?"

"இல்ல. இது தானா வந்தது."

அவள் சைக்கிளைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். நடுக்கம் இல்லை.

"அப்ப போய் நில்லுங்க," என்றாள்.